பிக்-அப்பை வைத்துக்கொள்வதா, சிறிய வண்டிக்கு மாறுவதா? பெங்களூரில் சரக்கு வண்டி வைத்திருக்கும் சிறு வியாபாரிகளுக்கான வழிகாட்டி

கர்நாடக அரசு 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் டீசல் மீதான விற்பனை வரியை உயர்த்தியதை அடுத்து, பெங்களூரில் ஒரு லிட்டர் டீசல் 91 ரூபாயை எட்டியது. கலாசிபாளையத்திலும் யஷ்வந்த்பூர் மண்டியிலும் ஸ்ரீராம்புரத்துக் கடைத்தெருவிலும் பொலேரோ பிக்-அப் வைத்திருக்கும் நம் வியாபாரிகள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி, இதை விற்றுவிட்டு ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் வகைச் சிறிய சரக்கு வண்டி) வாங்கினால் என்ன என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் பெரும்பாலானோர் அதற்கு விடை தேடும் முறைதான் சரியில்லை. இந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது, அந்த வண்டி எத்தனை தருகிறது என்று இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். சரக்கு வண்டிக்குக் கணக்குப் போடவேண்டியது கிலோமீட்டரை வைத்து அல்ல. ஒரு குவிண்டால் சரக்கை உங்கள் கடை வாசலில் இறக்கி வைக்க எவ்வளவு ஆகிறது என்பதை வைத்துத்தான். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை, முதன்முறையாகச் சொந்த வண்டி வைத்துத் தொழில் செய்பவர்களை மனத்தில் கொண்டு, இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

தொடங்குமுன் ஒரு விலக்கு. இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற நான்கு கதவுப் பிக்-அப்களைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அவற்றின் பின்தொட்டியில் முறைப்படி ஏற்றக்கூடிய எடை ஒரு குட்டி யானையின் அளவுக்குக்கூட வராது. அவற்றை வாங்குபவர் சரக்குக்காக வாங்குவதில்லை. தினமும் ஒயிட்ஃபீல்டுக்குத் தனியாளாக அலுவலகம் போவதற்கு ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் தேவையா என்பதற்கு நீண்ட வழிகாட்டி எதுவும் வேண்டியதில்லை. இனி வருவதெல்லாம் மஞ்சள் பலகை வண்டிகளைப் பற்றியது.

முதல் படி: சரக்கை எடைபோட்டுக் குறித்து வைத்தல்

தான் வழக்கமாக ஏற்றும் சரக்கின் எடையைச் சரியாக அறிந்த வியாபாரிகள் மிகக் குறைவு. ஒரு டன் இருக்கும் என்பார்கள்; எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் 650 கிலோ இருக்கும், அல்லது 1,700 கிலோ இருக்கும். இரண்டுமே முடிவைத் தலைகீழாக மாற்றக்கூடியவை. ஆகவே ஒரு முழு மாதம், முடிந்தால் ஒரு பண்டிகையும் உள்ளடங்கிய மாதம், ஒவ்வொரு நடையிலும் ஏற்றிய எடையை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் எடைமேடைக்குப் போகவேண்டும் என்பதில்லை. சிமென்ட் மூட்டை 50 கிலோ. அரிசிச் சிப்பம் 25 கிலோ. நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர் கேன், கேனின் எடையையும் சேர்த்து, 21 கிலோவை ஒட்டி வரும். எண்ணிக்கையைப் பெருக்கினால் போதும். காய்கறி, பழம், ஓடு, இரும்புச் சாமான் போன்றவற்றுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை வண்டியை வெறுமையாகவும் லோடோடும் எடைமேடையில் நிறுத்தி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால், பிறகு கண்ணளவே ஏறத்தாழச் சரியாக வரும்.

டாடா ஏஸ் கோல்டு போன்ற சிறிய வண்டிகள் 750 கிலோவை ஒட்டிய எடையைத் தாங்கும். அதாவது 15 சிமென்ட் மூட்டை, 30 அரிசிச் சிப்பம் அல்லது 35 தண்ணீர் கேன். பொலேரோ பிக்-அப் வகைகளோ 1.3 டன்னில் தொடங்கி 2 டன் வரை போகின்றன. உங்கள் வண்டி இதில் எந்த வகை என்பதை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் தெரிந்துகொள்ளலாம். விற்பனையாளர் வாயால் சொன்னதை நம்பவேண்டாம்.

எடையோடு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சில சரக்குகள் எடையால் அல்ல, இடத்தால் வண்டியை நிரப்புகின்றன. கே.ஆர். மார்க்கெட்டில் பூ ஏற்றுபவருக்கும், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விற்பவருக்கும், சமையல் ஒப்பந்தம் எடுத்து அண்டாக்களையும் அடுப்புகளையும் கொண்டு செல்பவருக்கும் 400 கிலோவிலேயே தொட்டி நிரம்பிவிடும். பிளைவுட் கடைக்காரரின் நிலை இதைவிடச் சுவையானது. ஒரு பலகையின் அளவு 8 அடிக்கு 4 அடி. குட்டி யானையின் தொட்டியோ ஏறத்தாழ 7.2 அடி நீளமும் 4.9 அடி அகலமும் கொண்டது. அகலத்தில் பலகை தாராளமாகப் படுத்துக்கொள்ளும். நீளத்தில் முக்கால் அடிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பின்கதவைச் சாத்த முடியாது. கதவைத் தாழ்த்தி, கயிற்றால் இறுக்கி, சிவப்புத் துணி கட்டி ஓட்டிச் செல்கிறார்கள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் மேலே இருக்கும் பலகைகள் துள்ளி, மூலை உடைந்து, அந்தப் பலகையை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால், அந்த வாரம் டீசலில் மிச்சப்பட்டது அங்கேயே போய்விடும். பிக்-அப்பின் தொட்டி 8 அடிக்கு மேல் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. எனவே உங்கள் சரக்கிலேயே மிக நீளமான பொருள் எது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மாத முடிவில் நோட்டைப் பிரித்து, 750 கிலோவுக்குள் அடங்கிய நடைகள் எத்தனை, அதைத் தாண்டியவை எத்தனை என்று எண்ணுங்கள். தாண்டியவை வாரம் ஒன்றுக்குக் கீழே என்றால் சிறிய வண்டியைப் பற்றி மேலே யோசிக்கலாம். வாரத்தில் மூன்று, நான்கு நாள் தாண்டுகிறது என்றால், இந்தக் கட்டுரையில் மூன்றாம் படியை மட்டும் படித்துவிட்டு உங்கள் பிக்-அப்பையே நன்றாகப் பராமரித்து ஓட்டுங்கள்.

இரண்டாம் படி: உண்மையான மைலேஜைக் கண்டுபிடித்தல்

விளம்பரத்தில் வரும் மைலேஜும் நகரத்தில் கிடைக்கும் மைலேஜும் ஒன்றல்ல. போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேல் ஆனது. இந்த ஊர்ந்து செல்லும் வேகத்தில் எந்த டீசல் வண்டியும் தன் அறிவிக்கப்பட்ட மைலேஜைத் தராது. அளக்கும் முறை எளிது. ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், குழாய் தானாக முதல்முறை நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணை எழுதுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில் அதே போல நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு நிரப்பலை நம்பாமல் நான்கைந்து நிரப்பல்களின் மொத்தத்தை எடுத்துக்கொண்டால், ஓசூர் நெடுஞ்சாலை நாளும் சில்க் போர்டு நெரிசல் நாளும் கலந்த உண்மையான சராசரி கிடைக்கும்.

கிடைத்த எண்ணை அப்படியே ஒப்பிட்டுவிட வேண்டாம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவு மனத்தை ஏமாற்றக்கூடியது. மைலேஜ் 10இலிருந்து 12ஆக உயர்வதும் 18இலிருந்து 20ஆக உயர்வதும் ஒரே மாதிரி இரண்டு கிலோமீட்டர் முன்னேற்றமாகத் தோன்றும். ஆனால் 100 கிலோமீட்டர் ஓட முதல் வண்டிக்கு 10 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 8.3 லிட்டர் போதும் என்றாகிறது; மிச்சம் 1.7 லிட்டர். இரண்டாவது வண்டியில் 5.6 லிட்டர் 5 லிட்டராகிறது, மிச்சம் 0.6 லிட்டர்தான். ஆகவே எல்லா மைலேஜையும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றி எழுதிக்கொண்டு அதன் பிறகே ஒப்பிடுங்கள். அதிகம் குடிக்கும் வண்டியில் ஏற்படும் சின்ன முன்னேற்றமே பெரிய பணம் என்பதும், ஏற்கெனவே சிக்கனமான வண்டியில் இன்னும் சிக்கனத்தைத் தேடுவதில் பெரிய பலன் இல்லை என்பதும் அப்போது புலப்படும்.

மூன்றாம் படி: விற்பதற்கு முன் இருக்கும் வண்டியைச் சரிபார்த்தல்

இனி வரும் கணக்குகளுக்காக, டீசல் லிட்டர் 91 ரூபாய், மாதம் 26 வேலை நாள், மாத ஓட்டம் 2,000 கிலோமீட்டர், நல்ல நிலையில் உள்ள பிக்-அப்பின் நகர மைலேஜ் 11, சிறிய டீசல் வண்டியின் மைலேஜ் 17 என்று வைத்துக்கொள்கிறேன்; நீங்கள் உங்கள் நோட்டில் உள்ள எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பிக்-அப் 11 தரவேண்டிய இடத்தில் 9 மட்டுமே தருகிறது என்றால், மாதம் 40 லிட்டர், அதாவது ஏறத்தாழ 3,700 ரூபாய், வீணாகிறது. பிக்-அப்பிலிருந்து சிறிய வண்டிக்கு மாறுவதால் கிடைக்கும் மிச்சமே, சற்றுப் பின்னால் பார்க்கப்போவது போல, மாதம் 5,800 ரூபாய்தான். அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை வண்டியை மாற்றாமலே, மெக்கானிக் கொட்டகையில் இரண்டு நாள் விட்டு எடுத்தே மீட்டுவிட முடியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

பார்க்கவேண்டியவை அதிகமில்லை. டயரில் காற்று குறைவாக இருப்பதுதான் முதல் குற்றவாளி. லோடு ஏற்றும் பின்டயர்களுக்கு நிறுவனம் குறித்த அளவு, காரின் அளவை விட மிக அதிகம் என்பதை மறந்து, காற்றுக் கடையில் பையன் ஊற்றியதோடு கிளம்பிவிடுகிறோம். பிரேக் முழுதாக விடாமல் சக்கரத்தோடு உரசிக்கொண்டிருக்கிறதா என்பதைச் சிறிது தூரம் ஓட்டியபின் சக்கரத்தின் நடுப்பகுதியில் கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டு அறியலாம். நான்கில் ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே கோளாறு. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, இன்ஜெக்டர் ஆகியவை அடுத்து. இவற்றோடு, மண்டியில் லோடு ஏறும் வரை வண்டியை ஸ்டார்ட்டிலேயே வைத்திருக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ குடிக்கும். டிரைவர் வைத்து ஓட்டுபவர்கள், மிச்சப்படும் டீசலில் ஒரு பங்கை அவருக்கே ஊக்கத்தொகையாகத் தருவதாகச் சொல்லிப் பார்க்கலாம். கண்டிப்பை விட அது வேலை செய்யும் என்பது என் கருத்து.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்ற புகை அளவு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளுக்கு இன்னொன்றும் உண்டு. இவற்றின் புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி அவ்வப்போது நிற்காமல் நல்ல வேகத்தில் ஓடவேண்டும். சிவாஜிநகருக்கும் அல்சூருக்கும் இடையிலேயே நாள் முழுவதும் நகரும் வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிந்தால் வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். உங்கள் ஓட்டமே முழுக்க நகருக்குள் குறுந்தூரம்தான் என்றால், பெரியதோ சிறியதோ, டீசலே உங்களுக்கு ஏற்ற எரிபொருள் அல்ல என்பதற்கு அது ஓர் அறிகுறி.

நான்காம் படி: நடைகளின் கணக்கு

கட்டுரையின் உயிர்நாடி இந்தப் படிதான். ஓசூரிலிருந்து 1,200 கிலோ காய்கறியை நகருக்குள் கொண்டுவரவேண்டும் என்று கொள்வோம். போக வர 80 கிலோமீட்டர். பிக்-அப் ஒரே நடையில் முடித்துவிடும், செலவு 7.3 லிட்டர், ஏறத்தாழ 660 ரூபாய். 750 கிலோ தாங்கும் வண்டிக்கு இரண்டு நடை வேண்டும். 160 கிலோமீட்டருக்கு 9.4 லிட்டர், ஏறத்தாழ 855 ரூபாய். மைலேஜில் பாதிக்கு மேல் சிறந்த வண்டி, டீசலிலேயே 195 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டது. அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் இரண்டாம் முறை கட்டுவதும், டிரைவரின் நேரமும், இரண்டாம் நடை வந்து சேர்வதற்குள் மண்டியில் விலை இறங்கிவிடுவதும் தனி. காய்கறி வியாபாரத்தில் காலை 6 மணிக்கு இறங்கும் தக்காளியும் 10 மணிக்கு இறங்கும் தக்காளியும் ஒரே விலைக்குப் போவதில்லை.

அதே பாதையில் 600 கிலோ மட்டுமே என்றால் கணக்குத் திரும்பிவிடுகிறது. சிறிய வண்டிக்கு 430 ரூபாய். பிக்-அப்புக்கு 660 ரூபாயை விடச் சற்றே குறையும், ஏனெனில் பாதி லோடில் ஓடினாலும் பிக்-அப் தன் சொந்த எடையைச் சுமந்தே தீரவேண்டும். ஆகவே சிறிய வண்டி லாபமா நட்டமா என்பதை முடிவு செய்வது வண்டி அல்ல. இரண்டாம் நடை தேவைப்படுகிறதா என்பதுதான்.

இங்கே சிலர் குறுக்குவழி ஒன்றைச் சொல்வார்கள்: 750 கிலோ வண்டியில் 1,200 கிலோவையும் ஏற்றிவிடலாமே என்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்க வழிசெய்கிறது. மிகுதிச் சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் உங்களுடையது. ஒரே ஒரு முறை பிடிபட்டால் மூன்று மாத டீசல் மிச்சம் போய்விடும். பிரேக்கும் அச்சும் படும் பாட்டைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. குறிப்பாகத் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் மலைப்பாதையில் இறங்கிச் சேலம் போகிறவர்கள் இந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவே கூடாது.

ஐந்தாம் படி: கனமான நாட்களுக்கு வாடகை வண்டி

மாதத்தில் சில நாட்கள் மட்டும் பெரிய லோடு வரும் என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் பிக்-அப்பை வாடகைக்கு எடுப்பது இயல்பாகத் தோன்றும் வழி. போர்ட்டர் போன்ற செயலிகள் மூலமோ, மண்டி வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிக்காரர்களிடமோ பேசி எடுக்கலாம். எத்தனை நாள் வரை இது கட்டுப்படியாகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் கொண்ட எண்களின்படி 2,000 கிலோமீட்டருக்குப் பிக்-அப்பின் மாத டீசல் செலவு 16,545 ரூபாய். சிறிய வண்டிக்கு 10,706 ரூபாய். வித்தியாசம் 5,839 ரூபாய். வாடகைப் பிக்-அப் ஒரு நாளுக்கு 1,500 ரூபாய் கேட்கிறது என்றால், அன்று சொந்த வண்டி ஓடாததால் மிச்சமாகும் 400 ரூபாய் டீசலைக் கழித்து, உண்மையான செலவு 1,100 ரூபாய். மாதத்தில் ஐந்து நாள் வாடகைக்கு எடுத்தால் 5,500 ரூபாய். மிச்சம் ஏறத்தாழ அனைத்தும் கரைந்துவிட்டது. ஆக, மாதத்துக்கு இரண்டு நாள் வரை என்றால் தாராளமாக மாறலாம். நான்கு, ஐந்து என்றால் வண்டியை மாற்றும் அலைச்சலுக்கு அர்த்தமே இல்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தைய நாட்களும் வாடகை எகிறுவதோடு, சமயத்தில் வண்டியே கிடைக்காது என்பதையும் பூ, பழம், வாழைக்கன்று வியாபாரிகள் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆறாம் படி: டீசலுக்கு அப்பாற்பட்ட செலவுகள்

சிறிய வண்டிக்கு இன்ஷூரன்ஸும் குறையும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மூன்றாம் நபர் காப்பீட்டில் அப்படி இல்லை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையில், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட, மின்சாரம் அல்லாத மஞ்சள் பலகை நான்கு சக்கரச் சரக்கு வண்டிகள் அனைத்துக்கும் ஒரே பிரீமியம், 16,049 ரூபாய். குட்டி யானையும் பெரிய பிக்-அப்பும் அங்கே ஒன்றுதான். சரக்கு ஆட்டோவுக்கு இறங்கினால் மட்டுமே அது 4,492 ரூபாயாகக் குறைகிறது. ஓட்டுநர் உரிமத்திலும் வித்தியாசமில்லை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்திருக்கிறது.

பெர்மிட்டில்தான் வேறுபாடு இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை; மின்சாரச் சரக்கு வண்டிக்கு எடை எதுவாயினும் தேவையில்லை. உங்கள் பிக்-அப்பின் ஆர்.சி.யில் மொத்த எடை 3,000க்கு மேலா கீழா என்பதைப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) விஷயத்தில், எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்கு மேல் ஆண்டுதோறும் வண்டியைக் காட்டவேண்டும். எட்டு வயதைத் தாண்டிய பிக்-அப்பில் ஒவ்வோர் எஃப்.சி.க்கு முன்பும் பெயின்ட், விளக்கு, பட்டை வேலை என்று ஒரு தொகை போகும் என்பதால், மாற்றுவதாக இருந்தால் அந்த வயதை ஒட்டி மாற்றுவது பொருத்தம். டெல்லியில் பத்தாண்டு ஆன டீசல் வண்டிகளுக்கு வந்த தடையைக் காட்டி, இங்கேயும் நாளையே வந்துவிடும், இப்போதே விற்றுவிடுங்கள் என்று அவசரப்படுத்தும் புரோக்கர்கள் உண்டு. அந்தத் தடை தலைநகர் வட்டாரத்துக்கு உரியது. பயத்தில் விற்றால் விலை குறையும்.

புதிய வண்டியின் விலையில் 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி, காருக்குக் கிடைக்காத உள்ளீட்டு வரிக் கழிவைச் சரக்கு வண்டிக்குப் பெறலாம். ஆனால் பழைய வண்டிக்கு அப்படிக் கழிவு எடுத்திருந்தால் அதை விற்கும்போது வரி கட்டவேண்டியிருக்கும். இரண்டையும் ஆடிட்டரிடம் ஒரே நாளில் கேட்டுவிடுங்கள்.

இவற்றை வைத்து மாற்றத்தின் விலையைக் கணக்கிடுங்கள். பழையது 4.5 லட்சத்துக்குப் போகிறது, புதியது எல்லாச் செலவும் சேர்த்து 6.5 லட்சத்துக்கு வருகிறது என்றால், கைக்காசு 2 லட்சம். மாதம் 5,839 ரூபாய் மிச்சத்தில் அது திரும்பிவர 34 மாதங்கள் ஆகும், அதுவும் ஒரு நாள்கூட வாடகை வண்டி எடுக்காமல், வட்டி எதுவும் கட்டாமல் இருந்தால். தவணை முடிந்த பிக்-அப்பைக் கொடுத்துவிட்டுப் புதிய தவணையில் நுழைபவர் இந்த இடத்தில் நிதானிக்கவேண்டும்.

ஏழாம் படி: எதற்கு மாறுவது

பெரியது, சிறியது என்ற இரண்டு வாய்ப்பு மட்டும் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். நடுவில் அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா போன்ற ஒரு டன் முதல் ஒன்றேகால் டன் வரையிலான வண்டிகள் இருக்கின்றன. மைலேஜ் 14 என்று கொண்டால் மாதம் 3,545 ரூபாய் மிச்சம். ஓசூர் காய்கறி பெரும்பாலும் ஒரே நடையில் வந்துவிடும். இரண்டாம் நடையோ வாடகையோ அநேகமாகத் தேவைப்படாது என்பதால், கையில் நிற்கும் மிச்சம் குட்டி யானையை விட அதிகமாக இருக்கக்கூடும். பலருக்கும் பொருத்தமான விடை இதுதான் என்று நினைக்கிறேன்.

சி.என்.ஜி. வண்டிகளில் எரிபொருள் செலவு குறையும், ஆனால் சிலிண்டரின் எடை சரக்கின் எடையைத் தின்றுவிடும். மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல் வகையை விட சி.என்.ஜி. வகை ஏறத்தாழ 100 கிலோ குறைவாகவே ஏற்றும். அது ஐந்து தண்ணீர் கேன். பங்க் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மின்சார வண்டியின் கணக்கு வேறு வகையானது. டாடா ஏஸ் இ.வி.யின் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளளவு உடையது. நிறுவனம் 154 கிலோமீட்டர் என்று அறிவித்தாலும், லோடோடு நகரில் 100 கிலோமீட்டர் என்று வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. அப்படியே வைத்தாலும் 2,000 கிலோமீட்டருக்கு 430 யூனிட்டுக்குள் அடங்கும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் மாதம் 3,500 ரூபாயைத் தாண்டாது. பிக்-அப்பின் டீசலோடு ஒப்பிட்டால் 13,000 ரூபாய் மிச்சம். எதிர்ப்பக்கத்தில், 2022இல் அறிமுகமாகி 2023 ஜனவரியில் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியபோது அதன் ஷோரூம் விலை 9.99 லட்சம், ஏற்றக்கூடிய எடை 600 கிலோ. பின்னர் ஒரு டன் வகையும் வந்தது. தினமும் நகருக்குள்ளேயே 70, 80 கிலோமீட்டர் சுற்றுபவர்களுக்கு, அதாவது மளிகை மொத்த விற்பனை, தண்ணீர் கேன், தோசை மாவு, பேக்கரிச் சரக்கு போடுபவர்களுக்கு, இது மிகப் பொருத்தம். ஓசூருக்கு இரண்டு நடை அடிப்பவருக்கு இல்லை. ஆனால் விலையைப் பேசும் முன்பே தீர்க்கவேண்டிய கேள்வி, இரவில் வண்டியை எங்கே நிறுத்திச் சார்ஜ் போடுவது என்பது. எஜிபுராவிலோ ஸ்ரீராம்புரத்துச் சந்திலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு தெருவில் வண்டி நிறுத்துபவர், வீட்டுக்காரரின் சம்மதமும் மீட்டர் இணைப்பும் கிடைக்காமல் முன்பணம் கட்டிவிடக்கூடாது. பொது நிலையங்களில் யூனிட் விலை கூடுதல். அங்கே காத்திருக்கும் நேரமும் வியாபார நேரம்தான்.

சிக்பேட்டை, அவென்யூ ரோடு போன்ற இடங்களில் மட்டும் சரக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு மின்சாரச் சரக்கு ஆட்டோ போதும். அங்கே பிக்-அப்பைத் திருப்புவதற்கே அரை மணி நேரம் ஆகும். தவணை முடிந்த பிக்-அப்பை வைத்துக்கொண்டே அப்படி ஓர் ஆட்டோவைச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. நிறுத்த இடம் இருந்தால் நல்ல ஏற்பாடுதான். நின்றுகொண்டே இருந்தாலும் பிக்-அப்புக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் மாதம் 1,300 ரூபாயை ஒட்டி வரும் என்பதை மட்டும் வாடகைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தல்

ஷோரூமில் தரும் பத்து நிமிட ஓட்டம் எதையும் சொல்லாது. நீங்கள் வாங்க நினைக்கும் அதே வகை வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான பாதையில், உங்கள் லோடோடு ஓட்டுங்கள். மைலேஜைக் குறியுங்கள். அதைவிட முக்கியமாக, ஏற்றுகூலி ஆட்கள் எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், தார்ப்பாய் போட்டபின் சரக்கு நசுங்கியதா, மழை நாளில் தேங்கிய நீரில் வண்டி எப்படிப் போனது, மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடித்தார்களா என்பனவற்றைக் கவனியுங்கள். வாரத்துக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். லட்சங்களைப் பற்றிய முடிவுக்கு அது அதிகமில்லை.

ஒன்பதாம் படி: விற்பது என்று முடிவானால்

தவணை பாக்கி இருந்தால், முன்கூட்டியே முடிப்பதற்கான தொகையைக் கடன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். கடன் தீர்ந்தபின் அடமானக் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்க 35ஆம் எண் படிவம் வேண்டும். நம்மவர்கள் பலரிடம் இருப்பது ஓசூரில் பதிவான டி.என். 70 வண்டி, ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாமல் வைத்திருப்பவர், பெங்களூரில் வாங்குபவரைத் தேடுவதை விட ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் விற்பது எளிது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான காப்பீட்டுத் தள்ளுபடி வண்டியோடு போய்விடாது. அது உங்களுக்கு உரியது, புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. கைமாற்றிய தேதி, நேரம், ஓடோமீட்டர் எண், வாங்குபவரின் அடையாளச் சான்றின் நகல் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, புதிய உரிமையாளரின் பெயர் வரும் வரை வாங்குபவரையோ புரோக்கரையோ விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். முழுத் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பெயர் மாற்றத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்வதாகப் பேசிக்கொண்டால் அவர்களே வேகமாக முடித்துத் தருவார்கள். சாவியைக் கொடுக்கும் அன்றே கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேகைக் கிழித்து எடுத்து, வங்கியில் சொல்லி அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அத்திப்பள்ளியைக் கடக்கும் உங்கள் பழைய வண்டிக்கு நீங்கள்தான் சுங்கம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.